பேட்டர்ன் வாங்குவதா, வரைவதா, பழைய சட்டையிலிருந்து எடுப்பதா?

தன் உடையைத் தானே தைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது மெஷினைப் பற்றித்தான். நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் ஒழுங்காகப் போடுகிற எந்த மெஷினும் வீட்டுத் தையலுக்குப் போதும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. தைத்து முடித்த உடை உடம்பில் உட்காருமா, தோளிலிருந்து நழுவுமா, கையைத் தூக்கினால் பிடிக்குமா என்பதெல்லாம் கத்தரிக்கோல் துணியைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வெட்ட வேண்டிய வடிவத்தை, அதாவது பேட்டர்னை, எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

வழிகள் நான்கு. நன்றாகப் பொருந்துகிற பழைய உடையிலிருந்து நகலெடுக்கலாம். உடம்பை அளந்து பேப்பரில் வரையலாம். வேறொருவர் வரைந்து விற்கிற பேட்டர்னை வாங்கலாம். துணியை உடம்பின் மீதோ பொம்மையின் மீதோ போட்டு, குண்டூசி குத்தியே வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால், ஒவ்வொருவரும் தனக்குப் பழகியதைச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த உடை உடம்பில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்கிறேன். தோளில் தொங்குகிற உடை வேறு, இடுப்பில் நிற்கிற உடை வேறு, இழுபட்டு உடம்போடு ஒட்டுகிற பின்னல் துணி வேறு. ஒருவரே மூன்றுக்கும் மூன்று வழிகளை வைத்துக்கொள்ளலாம்.

அளவுச் சட்டையிலிருந்து எடுப்பது

பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான். ஓர் உடை உங்களுக்குப் பொருந்துகிறது என்பது போட்டுப் பார்த்தே தெரிந்துவிட்ட விஷயம். டேப் பிடிப்பதில் தவறும் வராது, கணக்கிலும் தவறு வராது. பைஜாமா, எலாஸ்டிக் வைத்த பாவாடை, டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) இல்லாத தொளதொள சட்டை போல மேசையில் தட்டையாகப் படுக்கிற உடை என்றால் ஒரே மாலையில் பேப்பர் தயாராகிவிடும்.

பேப்பரைத் தடித்த அட்டைமேல் விரித்து அதில் ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உடையின் நேர் இழை, அதாவது துணியில் நீளவாட்டில் ஓடும் நூல், அந்தக் கோட்டோடு ஒட்டி ஓட வேண்டும். பிறகு தையல் கோட்டின் மேலேயே குண்டூசியால் குத்திக்கொண்டு போக வேண்டும். பேப்பரில் விழுந்த துளைகளைச் சேர்த்தால் தையல் கோடு கிடைக்கும். தையலுக்கு விட வேண்டியதை அதற்கு வெளியே சேர்க்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல், மடித்துப் போட்ட சட்டையின் வெளிவிளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைகிறவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வடிவமாகிவிடும். முன் ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் துளை) பின்னதைவிட உள்வாங்கி வளைய வேண்டும். அந்த வளைவு தொலைந்தால் கைக்கு முன்னால் துணி திரண்டு நிற்கும். ஷோல்டர் தையல் பல சட்டைகளில் தோள்மேட்டைத் தாண்டிச் சற்று முன்னால் விழுந்திருக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குறைந்துபோகும்.

பழைய உடைக்கு வயதும் உண்டு. முழங்காலும் பின்புறமும் விரிந்திருக்கும், நீளம் சலவையில் சுருங்கியிருக்கும், கழுத்து வளைவு போலக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்பட்ட இடங்கள் இழுபட்டிருக்கும். எடுத்து முடித்ததும், ஒன்றோடொன்று சேர வேண்டிய கோடுகளை அளந்து பாருங்கள். முன் துண்டின் பக்கவாட்டுத் தையலும் பின் துண்டின் பக்கவாட்டுத் தையலும் ஒரே நீளம் வரவில்லை என்றால் எடுத்ததில் பிழை இருக்கிறது, அல்லது அங்கே துணி இழுபட்டிருக்கிறது. அதோடு, பின்னல் துணி டி-ஷர்ட்டிலிருந்து எடுத்த வடிவத்தை நெய்த துணியில் வெட்டக் கூடாது. தலை நுழையாது.

டாட், பிளீட், சுருக்கு இருக்கிற இடம் தட்டையாகப் படுக்காது. பகுதி பகுதியாகப் படுக்கவைத்து, டாட்டின் ஒரு பக்கக் கோடுவரை எடுத்து, உடையைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடரலாம். முடியும், ஆனால் அலுப்பு. உடை இற்றுப்போய்விட்டது, பொருத்தம் மட்டும் விட மனமில்லை என்றால் தையலைப் பிரித்துவிடுவதே மேல். பிரித்து இஸ்திரி போட்ட துண்டுகளைவிடத் துல்லியமான பேட்டர்ன் வேறு கிடையாது.

இந்த வழியில் உங்களிடம் இல்லாத உடையைத் தைக்க முடியாது. அளவுச் சட்டையின் குறைகளும் கூடவே வரும். பழையது பின்கழுத்தில் தூக்கிக்கொண்டு நிற்குமென்றால் புதியதும் அப்படித்தான் நிற்கும்.

அளந்து வரைவது

பேப்பர் கட்டிங் கற்றவர்களுக்கு இதன்மேல் ஒரு பெருமிதம் உண்டு, நியாயமான பெருமிதம்தான். அடிப்படை வடிவம் ஒன்று கைவசம் வந்துவிட்டால் கழுத்தை மாற்றலாம், டாட்டை இடம் மாற்றலாம், இடுப்புக்குக் கீழே விரிக்கலாம். ஆனால் தொடக்கத்தில் இருப்பவருக்கு இந்த வழி எளிது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பாடத்தில் எளிதாகத் தெரிவது உடம்பில் வந்து சிக்கிக்கொள்ளும்.

முதல் சிக்கல் பிழை பெருகுவது. சுற்றளவை நான்காகப் பிரித்துத்தான் வரைகிறோம். கால் பாகத்தில் 1 செ.மீ. தவறினால் முழு உடையில் 4 செ.மீ. தவறும். டேப்பை ஒருவர் இறுக்கிப் பிடிப்பதற்கும் இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசமே கணிசமாக இருக்கும். தன்னைத் தானே அளந்துகொள்வதும் நடக்காத காரியம். முதுகு அகலத்தை அளக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனதுமே முதுகு அகலம் மாறிவிடுகிறது. இன்னொருவர் கை வேண்டும். இடுப்பு எங்கே என்பதில்கூடக் குழப்பம் வரும். ஓர் எலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை பக்கவாட்டில் குனிந்து நிமிர்ந்தால் அது தானாகப் போய் நிற்கும் இடத்தை இடுப்பு என்று வைத்துக்கொண்டு, எல்லா நீளங்களையும் அங்கிருந்து எடுக்கலாம்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. மார்புச் சுற்றளவு 92 செ.மீ. உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம். இன்னொருவருக்கு முன்பக்கம் நிறைவு. நான்கால் வகுக்கிற சூத்திரத்துக்கு இருவரும் ஒரே ஆள். மார்புச் சுற்றளவு ஒன்றிலிருந்தே கழுத்து அகலம், ஆர்ம்ஹோல் ஆழம், தோள் சரிவு எல்லாவற்றையும் கணக்குப்போட்டுத் தருகிற முறைகள் இருக்கின்றன. சராசரி உடம்புக்கு அவை பலிக்கும். கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நிறைய அளவு கேட்கிற முறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முன் நீளம் தனி, பின் நீளம் தனி, முன் அகலம் தனி, முதுகு அகலம் தனி, தோள் முனையிலிருந்து இடுப்பின் நடுவுக்குச் சாய்வாக ஓர் அளவு என்று கேட்கிற முறை எழுதிக்கொள்ள எரிச்சலாக இருக்கும். ஆனால் கூனல், ஏறிய தோள், நிறைந்த மார்பு ஆகியவை அந்த எண்களில்தான் தெரியும்.

கை பொருத்துவது இதில் தனிப் பாடம். நெய்த துணியில் தோள் முனையில் வந்து உட்காரும் கைக்கு, கையின் மேல்வளைவு ஆர்ம்ஹோலைவிட 2 முதல் 4 செ.மீ. வரை நீண்டிருக்க வேண்டும். அந்த அதிகத்தைச் சுருக்கு விழாமல் உள்ளிழுத்துத் தைக்க வேண்டும். சாதாரணச் சட்டைக் கைக்கு 1 செ.மீ.கூட வேண்டாம். வளைவு உயர்ந்தால் கை நேராக அழகாகத் தொங்கும், தூக்கினால் பிடிக்கும். தாழ்ந்தால் தாராளமாகத் தூக்கலாம், தொங்கவிட்டால் அக்குளில் துணி மடியும். இரண்டில் எது வேண்டும் என்று தெரியாமல் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் குருட்டடிதான்.

கம்ப்யூட்டரில் வரைய இலவச, திறந்தமூல வசதிகள் இருக்கின்றன. ஃப்ரீசோயிங் (FreeSewing) தளத்தில் அளவுகளைக் கொடுத்தால், அங்குள்ள உடைகளுக்கான பேட்டர்னை உங்கள் அளவுக்கே வரைந்து தரும். வேலன்டினா, சீம்லி2டி இரண்டும் நீங்களே வரைவதற்கான மென்பொருள்கள். வரையத் தெரிந்தவருக்குத்தான் அவை உதவும். எதில் வரைந்தாலும் டேப்பில் தவறினால் பேட்டர்னிலும் தவறும்.

வாங்கிய பேட்டர்ன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் ஒரே உடையின் காகித பேட்டர்னைப் பல சைஸ்களில் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்னும் பேட்டர்ன்கள் இருந்தன, ஒரே ஒரு சைஸில். வாங்கியவர் தன் அளவுக்குத் தானே பெருக்கிக்கொள்ள வேண்டும். பட்டரிக் அந்த வேலையை மிச்சப்படுத்தினார். வீட்டுத் தையலில் சைஸ் என்கிற பிரச்சினையும் அங்கேயே ஆரம்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் மனத்தில் ஒரு கற்பனை உடம்பை வைத்துக்கொண்டு வரைகிறது. அந்த உடம்பு உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் முதல் உடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். வடிவத்தோடு வரிசையும் சேர்ந்து வருகிறது: எதை முதலில் தைப்பது, எந்த விளிம்பை எப்போது முடிப்பது, காலர் எந்தக் கட்டத்தில் ஏறும், எந்தத் துணி ஒத்துவரும், எவ்வளவு வேண்டும். பழைய சட்டை இதையெல்லாம் சொல்லாது. நல்ல செய்முறைக் குறிப்புள்ள ஒரு பேட்டர்னை முழுவதும் பின்பற்றித் தைத்தவர் அடுத்த சட்டையைக் குறிப்பில்லாமலே தைத்துவிடுவார்.

சைஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் வாங்குகிற உடையின் சைஸும் பேட்டர்னின் சைஸும் ஒன்றல்ல. உறையில் இரண்டு விதமான அளவுகள் இருக்கும்: உடம்பின் அளவு, தைத்து முடித்த உடையின் அளவு. உடம்புக்கு 92, முடிந்த உடைக்கு 104 என்றால் 12 செ.மீ. லூஸ் விட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த உடை ஒன்றை அளந்து அதில் எவ்வளவு லூஸ் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தேட வேண்டிய எண் அது.

பெண்களுக்கான மேலுடை என்றால் முழு மார்புச் சுற்றளவை வைத்து சைஸ் எடுப்பதைவிட, அக்குளை ஒட்டி மேல்மார்பைச் சுற்றி எடுத்த அளவை வைத்து எடுப்பது நல்லது. கழுத்தும் தோளும் ஆர்ம்ஹோலும் திருத்தக் கடினமானவை. மார்பில் இடம் கூட்டுவது எளிது. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் ஆகிய பெயர்களில் வரும் வழக்கமான பேட்டர்ன்கள், மேல்மார்புக்கும் முழு மார்புக்கும் சுமார் 5 செ.மீ. வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொண்டு வரையப்படுகின்றன. உங்கள் வித்தியாசம் அதைவிட அதிகமென்றால், தோளுக்குப் பொருந்துகிற சைஸை எடுத்துக்கொண்டு, முன்பக்கத்தை மட்டும் வெட்டி விரித்து இடம் சேர்க்க வேண்டும். மார்புக்காகப் பெரிய சைஸ் வாங்கிவிட்டு, தோள் வழிகிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

தையலுக்கு விடும் விளிம்பு சேர்த்திருக்கிறதா என்பதை வெட்டுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும். சிம்ப்ளிசிட்டி முதல் வோக் வரை மேலே சொன்ன நான்கிலும் பொதுவாக 1.5 செ.மீ. சேர்த்தே இருக்கும். ஜெர்மனியில் எனே (Aenne) பூர்டா 1950-ல் தொடங்கிய பூர்டா இதழின் பேட்டர்ன் தாள்களில் விளிம்பு கிடையாது. ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். வேண்டியதைத் தேடிப் பிரதியெடுத்து, விளிம்பை நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் இரண்டு பக்கத் தையல்களில் மட்டுமே 6 செ.மீ. காணாமல் போகும்.

பிடிஎஃப் பேட்டர்னை வீட்டில் அச்சிடும்போது அளவை 100 சதவீதத்தில் வைக்க வேண்டும். முதல் தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை ஸ்கேலால் அளந்து சரியாக இருந்தால் மட்டும் மற்றதை அச்சிடுங்கள். பக்கத்துக்குப் பொருந்தும்படி பிரின்டர் 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டால், 104 செ.மீ. உடை 101-க்குப் போய்விடும், லூஸில் கால் பங்கு போய்விடும். ஏ4 தாள்களை ஒட்டுவது சலிப்பான வேலை. பெரிய தாளில் அச்சிட வழி இருந்தால் அதையே செய்யலாம். எந்த பேட்டர்னானாலும் மூலத்தை வெட்டாமல், பிரதியெடுத்து அதை வெட்டுங்கள். மார்புக்கு ஒரு சைஸ், இடுப்புக்குக் கீழே இன்னொரு சைஸ் என்று கோட்டை இடையில் சரித்து இணைக்கவும் அப்போதுதான் முடியும்.

துணியைப் போட்டே வடிவம் காண்பது

1920-களில் பாரிஸில் மதலேன் வியோனே ஒரு சிறிய மர பொம்மையின் மீது துணியைக் கிராஸில் போட்டுப் பார்த்தே உடைகளை உருவாக்கினார். கேட்க ஆசையாக இருக்கும். வீட்டில் இதற்கு உங்கள் உடம்பு அளவுள்ள உருவம் வேண்டும். பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேலே ஒட்டும் டேப்பைச் சுற்றி, வெட்டிக் கழற்றி, உள்ளே அடைத்துச் செய்கிறார்கள். நாளாக ஆகத் தோள் அமுங்கிவிடும். கழுத்தில் மடிந்து விழும் துணி, ஒரு பக்கம் சுருக்கிப் பிடித்த முன்பக்கம் போன்ற அலங்காரங்களுக்கு இந்த வழி நல்லது. முழு உடைக்கு, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்.

எந்த வழியானாலும் காடாத் துணி

மேலே சொன்ன நான்கு வழிகளில் எதுவும் நேராக நல்ல துணிக்குப் போக அனுமதிப்பதில்லை. காடாத் துணியிலோ, தூர எறியப்போகிற பழைய விரிப்பிலோ ஒரு முறை வெட்டி, 4 மி.மீ. நீளத் தையலில் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். தையல் நீளமாக இருந்தால் பிரிப்பது சுலபம். தைப்பதற்கு முன் மார்பு மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் சுற்றிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால், போட்டுப் பார்க்கும்போது எந்தக் கோடு எங்கே சரிகிறது என்பது கண்ணில் படும். முன்னால் கோடு மேலேறினால் முன்பக்க நீளம் போதவில்லை.

மடிப்புகளைப் படிக்கவும் பழக வேண்டும். கிடைமட்டமாக இழுத்துக்கொண்டு நிற்கிற கோடு, அங்கே அகலம் போதவில்லை என்பதைக் காட்டும். செங்குத்தாக மடிந்து தொங்கினால் அகலம் மிஞ்சியிருக்கிறது. சரிவாக ஓடுகிற கோடு, பெரும்பாலும் இடம் கேட்கிற பகுதியை நோக்கியே சுட்டும். பின்கழுத்துக்குக் கீழே துணி குறுக்கே மடிந்து நின்றால், தோள் சரிவு உங்கள் தோளைவிட அதிகமாக வெட்டுப்பட்டிருக்கலாம். கண்ணாடி முன் நேராக நிற்பதோடு நிறுத்தாதீர்கள். உட்காருங்கள், கைகளை முன்னால் நீட்டுங்கள், குனிந்து எழுந்து பாருங்கள். திருத்தியதையெல்லாம் உடனே பேப்பரில் ஏற்றிவிட வேண்டும். இந்தத் திருத்தம் முடிந்த பேப்பர் எந்த வழியில் வந்திருந்தாலும் இனி உங்களுடைய பேட்டர்ன்தான். நல்ல துணி சுருங்கும் வகையென்றால், வெட்டுவதற்கு முன் அலசிக் காயவைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த உடைக்கு எந்த வழி

தோளில் தொங்குகிற சட்டை, ஃபிராக், ஜாக்கெட் ஆகியவற்றுக்குப் பேட்டர்ன் வாங்குங்கள். கழுத்து, தோள், ஆர்ம்ஹோல், கை நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும். அந்தச் சமன்பாட்டைத் தொழிலாக வரைகிறவர் செய்து வைத்திருக்கிறார். அதை வாங்கித் திருத்துவது, புதிதாக வரைந்து திருத்துவதைவிடக் குறைந்த வேலை.

பாவாடைக்குப் பணம் கொடுத்துப் பேட்டர்ன் வாங்க வேண்டியதில்லை. முழு வட்டப் பாவாடைக்கு இடுப்புச் சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் இடுப்பு வளைவின் ஆரம் வந்துவிடும். அரை வட்டத்துக்கு 3.14-ஆல். இடுப்பு 75 செ.மீ. என்றால் முறையே சுமார் 12, சுமார் 24. தைக்க விடும் அளவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிராஸ் விழும் இடங்கள் தொங்கி இறங்கும் என்பதால் ஒரு நாள் தொங்கவிட்டுப் பிறகு ஓரம் மடிக்க வேண்டும். நேர்ப் பாவாடைக்கு இடுப்பு, அதற்குக் கீழே அகன்ற இடம், இரண்டுக்கும் இடையே உள்ள உயரம் மூன்றும் தெரிந்தால் போதும். இரண்டின் வித்தியாசம் பக்கத் தையலிலும் டாட்டிலும் போய்விடும்.

பேன்ட் இரண்டு வழிகளையும் கலந்து செய்ய வேண்டியது. முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே சென்று பின் இடுப்புக்கு வருகிற வளைவின் நீளத்தை டேப் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. ஒரே நீளமுள்ள இருவரில் ஒருவருக்கு அது சட்டென்று திரும்பும், இன்னொருவருக்குச் சாய்ந்து இறங்கும். அதனால்தான் அளவெல்லாம் சரியாக இருந்தும் பேன்ட் உறுத்துகிறது. உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய பேன்ட்டிலிருந்து அந்த வளைவை மட்டும் எடுத்து, வாங்கிய பேட்டர்னின் வளைவின் மேல் வைத்துப் பாருங்கள். வேறுபாடு அங்கேயே தெரியும், அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

பின்னல் துணிக்கு நகலெடுப்பதே போதும், ஆனால் புதுத் துணியின் இழுவை பழையதன் இழுவையோடு ஒத்துப்போக வேண்டும். 10 செ.மீ. துணியை ஸ்கேலில் பிடித்து இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் 13 வரை வந்தால் 30 சதவீத இழுவை. அளவுச் சட்டை 50 சதவீதம் இழுபடுவது, புதுத் துணி 20 சதவீதம் என்றால் அந்தப் பேப்பர் செல்லாது.

வரைவதிலேயே இன்பம் காண்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்கள் முதல் நாளிலிருந்தே வரையட்டும். பாவாடையில் தொடங்கி, கையில்லாத மேலுடைக்குப் போய், பிறகு கை, கடைசியில் பேன்ட் என்ற வரிசையில் போனால் ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு சிக்கலை மட்டுமே சமாளித்தால் போதும்.